எவ்வளவு என்று கேட்டவர்

சில வருஷங்களுக்கு முன் ஒரு சிற்றூர் நூலகத்தின் ஆண்டு விழாவில் பேசப் போயிருந்தேன். 'விஞ்ஞானமும் வேதாந்தமும்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். தலைப்பைக் கொடுத்தவர்களுக்கு இரண்டின் மீதும் மரியாதை உண்டு. எனக்கும் இரண்டின் மீதும் மரியாதை உண்டு. அதற்குமேல் ஒன்றும் கிடையாது. ஆனால் இருபது வருஷமாகக் கதை எழுதுகிறவனுக்கு அது ஒரு தடையாகத் தோன்றுவதில்லை. நாற்பது நிமிஷம் பேசினேன். காலம் என்பது மாயை என்று நம் முன்னோர்கள் சொன்னதைத்தான் ஐன்ஸ்டீன் 1905-ஆம் வருஷம் கணக்காகப் போட்டுக் காட்டினார் என்றேன். ஓடுகிறவனுக்குக் காலம் மெதுவாக நகர்கிறது, நிற்கிறவனுக்கு விரைந்து போகிறது, ஆகவே எல்லாம் பார்க்கிறவன் கண்ணில்தான் இருக்கிறது என்று முடித்தேன். கைதட்டல் நன்றாகவே இருந்தது. இவ்வளவு கடினமான விஷயத்தை இவ்வளவு எளிமையாகச் சொன்னதற்காகத் தலைவர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

கூட்டம் கலைந்த பின் ஒருவர் வந்தார். முப்பது வயது இருக்கலாம். மின்சார இலாகாவில் கம்பம் ஏறுகிற வேலை என்று அவரே சொன்னார்.

"ஐயா, ஓடுறவனுக்குக் காலம் மெதுவாப் போகும்னு சொன்னீங்களே, எவ்வளவு மெதுவாப் போகும்?"

"அது வேகத்தைப் பொறுத்தது, தம்பி."

"அதைத்தாங்க ஐயா கேக்கறேன். வேகம் இவ்வளவுன்னா மெதுவாகிறது இவ்வளவுன்னு ஒரு கணக்கு இருக்கணுமே. ராத்திரியிலே உக்காந்து ஒரு புத்தகம் படிச்சுக்கிட்டிருக்கேன். அந்த இடத்திலே வந்து நின்னு போச்சு. நீங்க சொல்லிட்டீங்கன்னா மேலே போயிடுவேன்."

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். அதில் பென்சிலால் ஒரு முக்கோணம் வரைந்திருந்தது.

என்னை மடக்குவதற்காக அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மடக்க வருகிறவனைச் சமாளிக்க மேடைப் பேச்சாளனுக்கு நூறு வழி உண்டு. எனக்குத் தெரியும் என்று அவர் நிஜமாகவே நம்பினார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அந்த முக்கால் மணியையும் பஸ் நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கழித்தேன், அந்த மனிதர் அந்த வழியாக வந்துவிடப் போகிறாரே என்ற பயத்தில்.

அன்று நான் பேசியது பொய்யா? இந்தக் கேள்வி வெகு நாள் என்னை விடவில்லை. ஓடுகிற கடிகாரம் மெதுவாக நடக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது உண்மை என்று எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரியும். 'அப்படிச் சொல்கிறார்கள்' என்ற இரண்டு சொற்களை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதையெல்லாம் கம்பீரமாகச் சொன்னேன். பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எது என்று தெரிந்திருக்கும். அதை மறைக்கிற சிரமமும் இருக்கும். எனக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே சோதித்துப் பார்த்துத்தான் நம்ப வேண்டுமா, டாக்டர் கொடுக்கிற மாத்திரையின் ரசாயனத்தைத் தெரிந்துகொண்டா விழுங்குகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். விழுங்கலாம், தவறில்லை. ஆனால் மாத்திரையை விழுங்குவது வேறு, அதை வைத்துக்கொண்டு வைத்தியசாலை திறப்பது வேறு. நான் திறந்திருந்தேன்.

இப்படித்தான், நாற்பதைக் கடந்த பிறகு, பௌதிகமும் கணிதமும் படிப்பதென்று உட்கார்ந்தேன். கல்லூரியில் நான் இருந்தது இரண்டே வருஷம். அங்கே அவற்றைப் படித்துத் தேறினேன் என்று என் சான்றிதழ் சொல்கிறது. சான்றிதழ் சொல்வதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலில் செய்த தவறு, பாமரர்களுக்காக எழுதிய விஞ்ஞானப் புத்தகங்களை வாங்கி அடுக்கியது. மூன்று மாதத்தில் ஏழெட்டுப் புத்தகம் முடித்தேன். என்ன ஆனந்தம்! நட்சத்திரங்கள் பிறப்பதும் இறப்பதும் வீட்டு விசேஷம்போல் ஆகிவிட்டது. ஒருநாள் இரவு அந்த முக்கோணம் நினைவுக்கு வந்து, ஒரு காகிதத்தை எடுத்து அதைப் போட்டுப் பார்த்தேன். முக்கோணம் வந்தது, அதற்குமேல் ஒரு கோடுகூட வரவில்லை. மூன்று மாதம் சமையல் புத்தகம் வாசித்துவிட்டு அடுப்பங்கரையில் போய் நின்ற கதைதான்.

பிறகு வெட்கத்தை விட்டு, என் பெண்ணின் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தேன். காலை நாலரை மணியிலிருந்து ஆறு வரை என்று வைத்துக்கொண்டேன். ஆறுக்கு மேல் வீடு விழித்துக்கொள்ளும். பத்திரிகைக்குத் தொடர்கதை போயாக வேண்டும். மற்ற வேலைகளும் உண்டு. சில வாரங்களில் ஒரு பக்கம்தான் நகர்ந்தது. ஒரு கணக்கில் பதினோரு நாள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பார்த்தால், இரண்டாவது வரியில் ஒரு கழித்தல் குறியைப் போடாமல் விட்டிருந்தேன். அந்தப் பதினோரு நாளில் என் மூளையை நொந்தேன், வயதை நொந்தேன், புத்தகத்தில் அச்சுப்பிழை என்று தீர்மானித்துப் பதிப்பாளருக்குக் கடிதம்கூட எழுதினேன். நல்லவேளை, தபாலில் சேர்க்கவில்லை.

வயதானவன் படிப்பதில் உள்ள கஷ்டம் ஞாபக மறதி என்று சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது சிறிய கஷ்டம். பெரிய கஷ்டம் வேறு. புத்தகத்தில் ஒரு கணக்கைச் செய்து காட்டியிருக்கிறார்கள். வரி வரியாக வாசிக்கிறோம். ஒவ்வொரு வரிக்கும் தலை ஆடுகிறது. 'ஆமாம், சரி, அப்புறம்?' என்று போகிறோம். முடிந்ததும் 'புரிந்தது' என்று மனசு நிறைந்துவிடுகிறது. புத்தகத்தை மூடிவிட்டு அதே கணக்கைச் சுயமாகப் போட முயன்றால் மூன்றாவது வரியில் பென்சில் நின்றுவிடுகிறது. சிறுபிள்ளை இந்த இடத்தில் 'எனக்கு வரவில்லை' என்று அழுதுவிடும். பெரியவன் அழுவதில்லை, வருகிறது என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறான். இத்தனை வருஷமாகப் புரிந்ததுபோல் தலையாட்டிப் பிழைத்த பழக்கம் அப்படி.

இதில் என் தொழிலைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். சொன்னால் என் சக எழுத்தாளர்கள் கோபித்துக்கொள்வார்கள். நாவல் எழுதுகிறவன் வாசகனுக்குக் கொடுப்பது பெரும்பாலும் அந்தத் தலையாட்டத்தைத்தான். 'ஆகா, வாழ்க்கை இப்படித்தான், எனக்கு இப்போது புரிந்துவிட்டது' என்ற நிறைவோடு அவர் புத்தகத்தை மூடுகிறார். புரிந்ததா, புரிந்த மாதிரி இருந்ததா என்று சோதிக்க வழி கிடையாது. கணக்குப் புத்தகத்தில் பின்பக்கத்தில் விடை இருக்கிறது. நாவலுக்குப் பின்பக்கத்தில் விளம்பரம்தான் இருக்கிறது.

சிநேகிதர் ஒருவர், "இந்த வயதில் இது எதற்கு? பரீட்சையா எழுதப் போகிறீர்?" என்றார். பிறகு அவரே சமாதானமாகி, "ஏன், ராமானுஜன் தானாகப் படிக்கவில்லையா?" என்று உற்சாகப்படுத்தவும் செய்தார். நம்மில் யார் தனியாகக் கணக்குப் போட்டாலும் உடனே ராமானுஜனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். பதினாறு வயதில் கும்பகோணத்தில் காரின் புத்தகத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்த ஆயிரக்கணக்கான தேற்றங்களோடு மல்லாடியவர் அவர். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, உலகம் பார்த்திராத சமன்பாடுகள் அவருடைய நோட்டுப் புத்தகங்களில் நிறைந்திருந்தன. கழித்தல் குறியைத் தொலைத்துவிட்டுப் பதினோரு நாள் தேடுகிறவனுக்கு அவரை உதாரணம் காட்டுவது அவருக்கு மரியாதை அல்ல.

ஃபாரடேயைச் சொன்னாலாவது அர்த்தம் உண்டு. புத்தகம் பைண்டு செய்கிற கடையில் தொழில் பழகிய பையன், பைண்டுக்கு வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானத்துக்குள் நுழைந்தார். கணிதம் அவருக்குக் கடைசிவரை வரவில்லை. 1857-ல், தமக்கு அறுபத்தாறு வயதாகும்போது, இளைஞரான மாக்ஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதி, கணித அறிஞர்கள் தங்கள் முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக்கூடாதா என்று கேட்டார். இதை முதன்முதலில் படித்தபோது, கணக்கில்லாமலே பௌதிகம் படிக்கலாம் போலிருக்கிறதே என்று குதித்தேன். ஆனால் ஃபாரடே வார்த்தையை நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. கம்பியைச் சுற்றினார், காந்தத்தை நகர்த்தினார், முள் அசைகிறதா என்று தம் கண்ணால் பார்த்தார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் கையால் செய்த காரியம் ஒன்று இருந்தது. என் கையால் நான் செய்தது பேனாவுக்கு மை நிரப்பியதுதான்.

என் மனசு போய் ஒட்டிக்கொண்டது ஜார்ஜ் கிரீன் என்பவரிடம். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் 1793-ல் பிறந்தார். தகப்பனார் ரொட்டிக் கடைக்காரர். மகன் பள்ளிக்கூடம் போனது எட்டு வயதில், ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பிறகு ரொட்டிக் கடை. பிறகு தகப்பனார் பக்கத்து ஸ்னைண்டனில் கட்டிய காற்றாலையில் மாவு அரைக்கிற வேலை. காற்றாலை என்றால் காற்று அடிக்கிறபோது அரைத்தாக வேண்டும். காற்று நடுநிசியில் வந்தால் நடுநிசியில். முப்பதாவது வயதில் ஊர் நூலகத்தில் சந்தா கட்டிச் சேர்ந்தார். ஐந்து வருஷம் கழித்து, 1828-ல், மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் கணிதத்தைப் பயன்படுத்துவது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். முன்கூட்டியே பணம் கட்டியவர்கள் ஐம்பத்தொரு பேர், ஆளுக்கு ஏழரை ஷில்லிங். பலர் அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள். புரிந்து வாங்கியவர்கள் மிகக் குறைவு. முன்னுரையில் கிரீன், பிழைப்புக்கான வேலைகளுக்கு நடுவே கிடைத்த சொற்ப அவகாசத்தில் தேடிய அறிவு இது, வாசகர் பொறுத்தருள வேண்டும் என்ற பொருளில் எழுதினார். தகப்பனார் காலமான பிறகு ஆலையைக் குத்தகைக்கு விட்டார். நாற்பதாவது வயதில், 1833-ல், கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். தம் வயதில் பாதி வயதுப் பையன்களோடு பரீட்சை எழுதி நான்காவதாகத் தேறினார். 1841-ல் இறந்துபோனார். நான்கு வருஷம் கழித்து, பிற்பாடு கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்ஸன், தம் இருபதாவது வயதில் அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்றைக் கையில் பெற்றுப் பிரமித்துப் போனார். பாரிஸுக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டினார். இன்று பௌதிகம் படிக்கிற எந்த மாணவனும் கிரீனின் பெயரைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இதில் என்னைப் பிடித்தது அந்தப் பின்னால் வந்த புகழ் அல்ல. 1845-ஐப் பற்றி மாவு மில்காரருக்கு எதுவும் தெரியாது. ஐம்பத்தொரு பேர் வாங்கினார்கள், ஊர் வாய் திறக்கவில்லை, மறுநாள் காலையில் மூட்டை தூக்கினார். பயன் என்று பார்த்தால் அன்றைக்கு அவர் கையில் ஒன்றுமில்லை. அவர் போட்ட கணக்கு சரி என்பது மட்டும் அவருக்குத் தெரியும். யாரோ சொல்லித் தெரிந்ததல்ல, அவருக்கே தெரியும். எனக்கு இல்லாமல் போனது அந்த ஒன்றுதான்.

எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் காலை, கம்பம் ஏறுகிறவரின் முக்கோணம் எனக்குத் திறந்தது. பொறுமை இருந்தால் நீங்களும் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளலாம்.

ஓடுகிற ரயில் ஒன்று. அதில் ஒரு பெட்டியின் தரையில் ஒரு கண்ணாடி, கூரையில் ஒரு கண்ணாடி. தரையிலிருந்து ஒரு வெளிச்சத் துளி கிளம்பிக் கூரையைத் தொடுகிறது. பெட்டிக்குள் இருப்பவருக்கு அது நேர் மேலே போகிறது. பிளாட்பாரத்தில் நிற்கிற நமக்கோ, துளி மேலே போகிற நேரத்தில் ரயிலும் முன்னால் போய்விடுவதால், அது சாய்வாகப் போகிறது. சாய்வுக் கோடு நேர்க் கோட்டைவிட நீளம். இதுவரை யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். இனிமேல்தான் விஷயம். வெளிச்சத்தின் வேகம், விநாடிக்கு ஏறக்குறைய மூன்று லட்சம் கிலோமீட்டர், பெட்டிக்குள் இருப்பவர் அளந்தாலும் நாம் அளந்தாலும் ஒன்றுதான். அதே வேகத்தில் அதிக தூரம் போக வேண்டுமென்றால் அதிக நேரம் ஆகத்தானே வேண்டும்? ரயில், வெளிச்சத்தின் வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கு வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் சாய்வாக ஐந்து பங்கு தூரம் போகிற நேரத்தில் ரயில் மூன்று பங்கு நகர்கிறது. செங்கோண முக்கோணத்தில் கர்ணம் ஐந்து, அடிப்பக்கம் மூன்று என்றால் உயரம் என்ன? இருபத்தைந்திலிருந்து ஒன்பது போனால் பதினாறு, ஆகவே நான்கு. பெட்டிக்குள் இருப்பவர் கண்ட தூரம் அந்த நான்குதான். நமக்கு ஐந்து விநாடி ஆனபோது அவர் கடிகாரத்தில் நான்கு விநாடி.

எவ்வளவு என்று கேட்டாரே, இவ்வளவு. என் பெண்ணின் பாடப்புத்தகத்தில் இருக்கிற கணக்கு.

அப்படியே உட்கார்ந்து, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நம் ரயில் ஒரு வருஷம் நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கை ஏழாக வெட்டினால் எவ்வளவோ, அவ்வளவு பின்தங்கும். ஓடுகிறவனுக்குக் காலம் மெதுவாகிறது என்று மேடையில் கையை வீசிச் சொன்னேனே, அந்தக் காலம்! ஆனால் அதை அலட்சியமும் செய்ய முடியாது. நமக்கு வழி காட்டுகிற செயற்கைக் கோள்களின் கடிகாரங்கள் வேகத்தால் நாளுக்குச் சுமார் 7 மைக்ரோ விநாடி பின்தங்குகின்றன. உயரத்தில் பூமியின் ஈர்ப்பு குறைவதால் சுமார் 45 முந்துகின்றன. கூட்டிக் கழித்து 38. அந்த 38 மைக்ரோ விநாடியில் வெளிச்சம் பதினோரு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். அதைத் திருத்தித்தான் நமக்குத் தெருவைக் காட்டுகிறார்கள்.

இன்னொன்றும் அன்று காலை புரிந்தது. அதுதான் அடி வயிற்றில் விழுந்தது. எல்லாம் பார்க்கிறவன் கண்ணில் இருக்கிறது என்று முடித்தேன் அல்லவா? முக்கோணத்தைத் திரும்பப் பாருங்கள். பார்க்கிறவன் யாராக இருந்தாலும் மாறாத ஒன்று இருப்பதால்தான் இந்தக் கணக்கே வருகிறது. வெளிச்சத்தின் வேகம் யாருக்காகவும் வளைந்து கொடுக்கவில்லை; அதனால் காலம் வளைந்து கொடுத்தது. நான் சொன்னது அரைகுறை என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அது தலைகீழ். பொன்னாடையைத் திருப்பிக் கொடுப்பதென்றால் அன்றே கொடுத்திருக்க வேண்டும்.

அந்த ஊர் நூலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, மின்சார இலாகா நண்பருக்குச் சேர்ப்பிக்கும்படி நாலு பக்கம் கணக்கும் வைத்து அனுப்பினேன். ஒரு மாதம் கழித்துத் தபால் கார்டு வந்தது. அதற்கு மறுவாரமே அவருக்கு அது விளங்கிவிட்டதாம். 'தங்கள் விளக்கமும் சரியே' என்று எழுதியிருந்தார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் கிரீனின் கதையில் நான் அவசரமாகத் தாண்டிய பக்கம் ஒன்று உண்டு. ஆலை நிர்வாகியின் மகள் ஜேன் ஸ்மித் என்ற பெண்ணுக்கும் அவருக்கும் ஏழு குழந்தைகள். கடைசிவரை திருமணம் நடக்கவில்லை. கேம்பிரிட்ஜ் கல்லூரியில் 1839-ல் அவருக்குக் கிடைத்த ஃபெல்லோ பதவிக்கு அந்நாளில் மணமானவர்கள் தகுதியில்லை. ஆலையின் மேல் மாடியில் கணிதம் வளர்ந்த இரவுகளில் கீழே குழந்தைகளைத் தூங்கப் பண்ணியது யார் என்று எந்தத் தேற்றத்திலும் எழுதியிருக்கவில்லை.

இதை எனக்கு உறைக்க வைத்தவர் மேரி சாமர்வில். ஸ்காட்லாந்தில் 1780-ல் பிறந்தவர். பெண்களுக்கான நாகரிகப் பத்திரிகை ஒன்றின் புதிர்ப் பகுதியில்தான் அல்ஜீப்ராவை முதன்முதலில் பார்த்தார். தம்பியின் வாத்தியார் மூலமாக யூக்ளிட் வாங்கி இரவில் படித்தார். பெண் கெட்டுப்போவாள் என்று வீட்டில் மெழுகுவத்தியை எடுத்துவிட்டார்கள். இருட்டில் மனசுக்குள்ளேயே கணக்குப் போட்டார். இருபத்தாறு வயதில், கைக்குழந்தைகளோடு விதவையானார். தாமே தம் நேரத்துக்கு எஜமானியான பிறகுதான் தடையில்லாமல் படிக்க முடிந்தது. 1831-ல் லாப்லாஸின் வான இயந்திரவியலை ஆங்கிலத்தில் விளக்கி எழுதிய புத்தகம் வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. தம் வாழ்க்கை வரலாற்றில் ஓர் இடத்தில் குறைப்படுகிறார்: ஆண்பிள்ளை 'வேலையாயிருக்கிறேன்' என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம், பெண்ணுக்கு அந்தச் சாக்கு செல்லாது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு வந்தவர்களை உபசரிக்கத்தான் வேண்டும்.

இதைப் படித்தபோது மணி ஐந்து. பக்கத்தில் ஆவி பறக்கிற காப்பி இருந்தது. எட்டு மாதமாக, நாலேமுக்காலுக்கு அது அங்கே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. 'விடியற்காலை ஒன்றரை மணி நேரம் எனக்கென்று ஒதுக்கிக்கொண்டேன்' என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்த நேரத்தை நான் ஒதுக்கிக்கொள்ளவில்லை. இன்னொருவர் தூக்கத்திலிருந்து அரை மணி எடுத்துக்கொண்டிருந்தேன். யாரும் பொன்னாடை போர்த்தாத அரை மணி.

அன்று என் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ரயிலையும் கண்ணாடியையும் முக்கோணத்தையும் சொன்னேன். சொன்னது பிராயச்சித்தமாகவா, பெருமையடித்துக்கொள்ளவா என்று கேட்டால் இரண்டும்தான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலையாட்டவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

"என்னங்க, அந்த ரயில்லே இருக்கிறவர் ஜன்னல் வழியாப் பாத்தா நாமதானே பின்னாலே ஓடற மாதிரி தெரியும்? அப்ப அவருக்கு நம்ம கடிகாரம்தானே மெதுவா ஓடணும்?"

"ஆமாம்" என்றேன்.

"ரெண்டு பேரும் அடுத்தவர் கடிகாரம் மெதுன்னு சொன்னா, யார் சொல்றது சரி?"

புத்தகத்தைப் புரட்டினேன். அடுத்த அத்தியாயத்தின் முதல் கேள்வி அதுவாகவே இருந்தது. பென்சிலை அவளிடம் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். அன்று டிகாஷன் சரியாக இறங்கவில்லை.